பெயரும் பட்டாவும் – 11: ஐந்து பேரின் முதலெழுத்து

டொமைன் என்னும் இணைய முகவரிப் பெயர் நமக்குப் பட்டா நிலமல்ல, ஆண்டுக் குத்தகைதான் என்று போன வாரமே சொல்லியாகிவிட்டது. மேலே போவோம்.

பந்தலூர்ப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர் திங்கட்கிழமை வந்தார். தன் தேயிலைத்தூள் பாக்கெட்டையும் செல்பேசியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாக்கெட்டில் ஊதா மையில் அவர் ஆறு வருடமாக அச்சடிக்கும் பெயர். செல்பேசித் திரையில் அதே பெயர், டாட் காமோடு. கீழே "விற்பனைக்கு" என்று டாலரில் ஒரு விலை. "பேரு என்னோடது அண்ணே, வெல அவங்க சொல்றாங்க" என்றார்.

அவருக்குப் பதில் தேடப்போய்த்தான் சிஃபி வழக்கைத் திரும்பப் படித்தேன். சத்யம் இன்ஃபோவே என்ற இணையச் சேவை நிறுவனம் தன் பெயரைச் சுருக்கி உருவாக்கிய சொல் சிஃபி. 1999-லேயே அந்தப் பெயரில் டொமைன்களைப் பதிந்தது. 2001-ல் இன்னொரு நிறுவனம் ஓர் 'எஃப்' கூடுதலாகச் சேர்த்து சிஃபிநெட் என்று பதிந்தது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன விளக்கத்தைப் பாருங்கள்: நிறுவனர்கள் ஐந்து பேர், அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் வரிசையாக வைத்தால் எஸ், ஐ, எஃப், எஃப், ஒய்! இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தாளில் என் குடும்பத்தார் முதலெழுத்துகளை எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு சொல்லும் தேறவில்லை. சத்யம் இன்ஃபோவே வழக்குப் போட, பெங்களூரு நகர சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் முதலெழுத்து விளக்கத்தை ஏற்காமல் தடையை மீண்டும் கொண்டுவந்தது. டொமைனுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்றது. புழங்கிப் பெயரெடுத்தவருக்கே பெயர்.

பெயருக்கு விலை ஏற்றிக் கைமாற்றிவிடும் இந்த வியாபாரம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர்ச் சுற்றுவட்டாரக் காப்பித் தோட்டங்கள் தங்க நிலமென்று லண்டன் கம்பெனிகளுக்குக் கொள்ளை விலையில் கைமாறின. தோண்டியவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கைமாற்றிவிட்டவர்கள் சம்பாதித்தார்கள்.

டாட் காம் என்றால் உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் புகார் செய்யலாம். ஒரே நடுவர் என்றால், ஐந்து பெயர்கள் வரை கட்டணம் 1,500 டாலர். கெட்ட நோக்கத்தோடு பதிந்ததையும் பயன்படுத்துவதையும் இரண்டையுமே நாம் நிரூபிக்க வேண்டும். டாட் இன் என்றால் அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸியின் நடுவர் முறை. அங்கே பதிந்தது அல்லது பயன்படுத்துவது, இரண்டில் ஒன்று போதும். நம் சிறு வியாபாரிக்கு அந்த "அல்லது" என்ற ஒரு சொல் பெரிய தெம்பு.

விற்பவரோடு எப்படிப் பேரம் பேசுவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்; அடுத்த வாரம் கட்டாயம். அதுவரை அவசரப்பட்டு அந்த "விற்பனைக்கு" பக்கத்தில் உங்கள் பெயரையும் எண்ணையும் நிரப்பாதீர்கள். பெயரைப் புழங்கியதற்குச் சாட்சியாக, பாக்கெட் அச்சடித்த முதல் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.