சுழன்றும் மின் பிறவாத பொறி

எஞ்சின் குறைவின்றி ஓடுகின்றது, விளக்கோ எரியவில்லை. நெடுநாள் மூலையிற் கிடந்த சிறு மின்பிறப்பாக்கியை இயக்குவோர் பலர் காணும் குறை இது. இலங்கையில் 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. அத்தகைய வேளையில் இக்குறை சிறிதன்று.

காந்தப்புலம் மாறுமிடத்துக் கம்பிச் சுருளில் மின் தோன்றுமென 1831இல் பரடே காட்டினார். அப்புலத்தைத் தருவது யாது? மிதிவண்டித் தைனமோவில் நிலைக்காந்தம் உண்டு. 1990களில் மின்விநியோகமற்றிருந்த யாழ்ப்பாணத்தில், வண்டியைக் கவிழ்த்து மிதியைச் சுழற்றி வானொலி கேட்டோர் அதன் பயனை நன்கறிவர். தூரிகையுள்ள மின்பிறப்பாக்கியிலோ, புலச்சுருளிற் பாயும் மின்னோட்டமே இரும்பைக் காந்தமாக்குகின்றது. அம்மின்னோட்டத்தையும் அப்பொறியே தரவேண்டும். கோழி முந்தியதோ, முட்டை முந்தியதோ என்பது போன்ற சிக்கல் இது. 1866இல் வேர்னர் சீமென்ஸ் கண்ட விடை எளிது. நின்ற பொறியின் இரும்பிலும் சிறிது காந்தம் எஞ்சியிருக்கும். அது பிறப்பிக்கும் சில உவோற்று புலச்சுருளை அடைந்து காந்தத்தை வலுப்படுத்த, வலுத்த காந்தம் மேலும் மின் தரும்.

நெடிய ஓய்வு, அதிர்ச்சி, வெப்பம் என்பன அவ்வெச்சத்தை அழித்துவிடலாம். ஆதலாற் சுருள் எரிந்துவிட்டதென்று முடிவுகட்டுமுன், சுமையின்றிப் பொறியை ஓட்டி உவோற்றுமானியை நோக்குக. சில உவோற்றேனும் காட்டின் எஞ்சிய காந்தம் உண்டு. காபன் தூரிகை தேய்ந்ததோ, வழுக்கு வளையத்தில் அழுக்குப் படிந்ததோ, சீராக்கி பழுதுற்றதோ என ஆராய்க. ஒன்றுமே காட்டாவிடின், பொறியை நிறுத்தி, சீராக்கியின் கம்பிகளைத் தூரிகைகளினின்றும் கழற்றி, மீள ஓட்டுக. பின் 12 உவோற்று மின்கலவடுக்கை, நேர்முனை நேர்முனையோடு பொருந்துமாறு, சில செக்கன் மட்டும் தூரிகைகளுக்குக் கொடுக்கலாம். அப்போது மின் தோன்றின் சுருள்கள் நலமே. சீராக்கியை மீளப் பூட்டியபின் அது நிலைக்காதாயின், குறை சீராக்கியினது. பயிற்சியுடையார் ஒருவர் அருகிலிருக்கவே இதனைச் செய்தல் வேண்டும். தூரிகையின்றிக் கொள்ளளவியால் இயங்கும் பொறிகளுக்கு இம்முறை பொருந்தாது.

ஏனைய குறைகள் பெரும்பாலும் எஞ்சினைச் சார்ந்தவை. பழைய பெற்றோல் பிசினாகிக் காபுரேற்றரை அடைக்கும். எண்ணெய் குறையின் சில பொறிகள் தாமே நின்றுவிடும். இருமுனைவுப் பொறி 50 சுற்றலைவு தர நிமிடத்துக்கு 3000 முறை சுழலவேண்டும். சுமையேற்றியதும் வேகம் தளர்ந்தால் விளக்கு மங்கும்.

பொறியை வீட்டினுள்ளே ஓட்டுதல் எவ்வாற்றானும் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது, உயிர்கொல்லி. பிரதான ஆளியைத் திறவாது வீட்டுக் கம்பிகளோடு இணைப்பதும் அத்தகையதே. 230 உவோற்று மின் தெருவிலுள்ள மாற்றியினூடு பின்னோக்கிச் சென்று 11,000 உவோற்றாக உயரலாம். மின் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் கை அக்கம்பியிலேயே இருக்கும்.