வாள் பிறப்பதைப் படம் பிடிக்கலாம்

தெலங்கானாவில் நிஜாமாபாத் மாவட்டம் இருக்கிறது. அங்கே கோனசமுத்திரம் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் பாரசீக வணிகர்கள் கடல் கடந்து இந்த ஊரைத் தேடி வந்தார்கள். எதற்கு? எஃகு வாங்க.

இரும்பையும் கரியையும் ஒரு மண் குப்பியில் போடுவார்கள். குப்பியின் வாயை மண் பூசி மூடுவார்கள். உலையில் வைத்துத் துருத்தியால் ஊதுவார்கள். உள்ளே இரும்பு உருகும். பிறகு மெல்ல ஆறவிடுவார்கள். இப்படிக் கிடைத்த எஃகுக் கட்டியை அடித்து வாள் செய்தால், அதன் மேல் நீர் அலை போலக் கோலம் தெரியும். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்தது இதைத்தான்.

இந்த எஃகு வேலையை ஹென்றி வாய்சி என்ற ஆங்கிலேயர் நேரில் பார்த்தார். அவர் எழுதியது 1832ல் அச்சில் வந்தது. எழுத்து இருந்தும் தொழில் அழிந்துவிட்டது. கட்டியை எந்தச் சூட்டில் அடிக்க வேண்டும்? சூடு மிஞ்சினால் அது நொறுங்கிப் போகும். சரியான நிறம் எது என்று கொல்லரின் கண்ணுக்குத் தெரியும். அது தாளில் ஏறவில்லை. 1990களில் அமெரிக்காவில் ஒரு கொல்லரும் ஒரு விஞ்ஞானியும் பல ஆண்டு பாடுபட்டுத்தான் அந்தக் கோலத்தை மறுபடி வரவழைத்தார்கள்.

ஜப்பானிலும் வாள் தொழில் இப்படி அழிய இருந்தது. 1945ல் போர் முடிந்ததும் வாள் செய்யத் தடை வந்தது. வாளுக்கு எஃகு தந்த மண் உலைகளும் அணைந்தன. ஆனால் உலை தெரிந்த முதியவர்கள் சிலர் உயிரோடு இருந்தார்கள். 1969ல் அவர்களை அழைத்து ஓர் உலை கட்டினார்கள். மூன்று பகல், மூன்று இரவு உலை எரியும். அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். 1977ல் ஷிமானே பகுதியில் உலை மீண்டும் நிலையாக எரியத் தொடங்கியது.

இன்று படம் எடுக்கப் பெரிய காமிரா வேண்டாம். கைப்பேசி போதும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. அது நிறத்தில் பொய் சொல்லும்!

ஜப்பானியக் கொல்லர் ஒருவர் வாளைத் தண்ணீரில் தோய்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாள் மேல் களிமண் பூசுவார். வெட்டும் விளிம்பில் மெல்லிசாக, முதுகில் கனமாக. விளிம்பு சட்டென்று ஆறிக் கடினமாகும். முதுகு மெல்ல ஆறி வளைந்து கொடுக்கும். வாளுக்கு வளைவு கிடைப்பதும் அந்த நொடியில்தான். சில சமயம் வாள் விரிசல் விடும். பல நாள் உழைப்பு வீண்.

இந்த வேலைக்குப் பட்டறையை இருட்டாக்குவார். இருட்டில்தான் சூட்டின் நிறம் சரியாகத் தெரியும். அந்த நிறத்தை நிலவின் நிறத்தோடு ஒப்பிடும் வழக்கமும் அங்கே உண்டு. கைப்பேசி என்ன செய்யும்? இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைத் தானாகக் கூட்டும். சிவந்த இரும்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்துக் கற்பவன் வாளைக் கெடுப்பான்.

இதற்கு வழி உண்டு. திரையில் இரும்பு தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். பல கைப்பேசிகளில் வெளிச்சம் மாறாமல் நிற்கும். அப்படியும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். "இப்போது என்ன நிறம்? ஏன் இன்னும் எடுக்கவில்லை?" என்று கொல்லரிடம் கேளுங்கள். தோய்க்கும் நேரத்தில் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். முன்னால் கேளுங்கள், அல்லது பின்னால்.

பொறி பறக்கும் காட்சி அழகுதான். எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். குறடு பிடித்த இடது கையை யாரும் எடுப்பதில்லை. அடிக்கு அடி இரும்பைத் திருப்புவது அந்தக் கைதான். சம்மட்டிச் சத்தமும் வேண்டும். பாட்டைச் சேர்த்து அதை மறைக்காதீர்கள். விரிசல் விட்ட வாளையும் வெட்டாமல் வையுங்கள்.

படம் எடுக்கும் முன் கொல்லரின் சம்மதம் கேளுங்கள். சில நுட்பங்களை அவர் தன் சீடனுக்கு மட்டுமே காட்டுவார். அங்கே காமிராவை அணைத்துவிடுங்கள். ஊர், தேதி, கொல்லரின் பெயர் மூன்றையும் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.