விலக்கப்படும் செயற்கூறுகளும் காக்கப்படும் கோப்புகளும்

மொழியில் ஒரு சொல் வழக்கொழிவதற்கு எவரும் நாள் குறிப்பதில்லை. மக்கள் நாவிலிருந்து அது மெல்ல விலகுகிறது. பின்னர் அகராதியில் மட்டும் தங்குகிறது. கணினியின் இயங்குதளத்திலோ பழையதை விலக்க நாள் குறிக்க வேண்டியுள்ளது. அது நிகழும் முறையை லினக்ஸ் இயங்குதளத்தின் வழியே நாம் காண்போம்.

வட்டிலுள்ள தரவு எந்தக் கோப்புக்கு உரியது, எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது கோப்பு முறைமை. லினக்ஸில் இத்தகைய முறைமைகள் பல உள்ளன. அவை இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய கெர்னலோடு செயற்கூறுகள் வழியாக உறவாடுகின்றன. செயற்கூறு என்பது பெயரிடப்பட்ட ஒரு பணி. பெயர் சொல்லி அழைத்தால் அப்பணி நடைபெறும்.

‘ரீட்பேஜஸ்’ அத்தகைய ஒன்று. கோப்பின் பல பக்கங்களை முன்கூட்டியே வட்டிலிருந்து படித்து வைப்பது அதன் பணி. ஆனால், அப்பக்கங்களை நினைவகத்தின் இடைச்சேமிப்பில் சேர்க்கும் பொறுப்பு ஒவ்வொரு கோப்பு முறைமையின் தலையிலும் இருந்தது. ஒரே வேலை பல இடங்களில் தனித்தனியே எழுதப்பட்டதால், பிழை நேரவும் பல இடங்கள் இருந்தன. 2020இல் ‘ரீட்அஹெட்’ என்னும் செயற்கூறு வந்தது. சேர்க்கும் பொறுப்பைக் கெர்னலே ஏற்றுக்கொண்டது. எனினும், பழையது அன்றே நீக்கப்படவில்லை. அதனை நம்பியிருந்த கோப்பு முறைமைகள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றப்பட்டன. பின்னர், 2022இல் பழையது விடைபெற்றது.

இம்மாற்றத்தைப் பயனர் எவரும் உணரவில்லை. கெர்னலின் உள்ளே வழங்கும் பெயர்கள் மாறலாம். வெளியிலுள்ள செயலிகளுக்கு அளித்த வாக்கு மாறலாகாது என்பது லினக்ஸ் ஆக்குநர்களின் கொள்கை. கோப்பைப் படிக்கச் செயலிகள் விடுக்கும் ‘ரீட்’ என்னும் அழைப்பு முன்போலவே இருக்கிறது.

ஒரு கோப்பு முறைமையையே விலக்கும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. அங்கே மக்கள் சேமித்த தரவு இருக்கிறது. 2015இல் ‘எக்ஸ்ட்3’ முறைமைக்குரிய தனி நிரல் நீக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலாகிய ‘எக்ஸ்ட்4’ நிரல் பழைய வட்டுகளையும் படிக்க வல்லது, ஆதலால் இழப்பில்லை. ‘ரெய்சர்எஃப்எஸ்’ முறைமைக்கு அத்தகைய வாரிசு கெர்னலில் இல்லை. 2001இல் சேர்க்கப்பட்ட அது விலக்கப்படவுள்ளது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் வெளிவந்த 6.13 பதிப்பில் நீங்கியது. இடைப்பட்ட காலம் தரவை இடம்பெயர்க்கத் தரப்பட்ட தவணை. அதனைத் தவறவிட்டவர் தம் வட்டைப் படிக்கப் பழைய கெர்னலைத் தேடவேண்டும்.

இதற்கு ஒப்பானதை நாம் வகுப்பறையிலும் காண்கிறோம். 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் ஏற்றன. றா, ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்களை இன்று நாம் எழுதுவதில்லை. ஆயினும், அவற்றைப் படிக்க அறியாத மாணவருக்கு முந்தைய தலைமுறையின் நூல் பூட்டிய பெட்டியாகிவிடும்.

எழுதும் முறையை விலக்கலாம். எழுதியதைப் படிக்கும் வழியை அடைத்துவிடலாகாது. பழையதைக் கழிப்பவர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது இதுவே.