பானைக்குப் பின்னால் சூரியன்

சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்து மலை ஊர். ஏலக்காய் விளையும் இடம். பக்கத்தில் தமிழகத்தின் தேனி மாவட்டம். தோட்ட வேலைக்காக வந்து இந்த மலையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. உறவினர் பலர் மலைக்குக் கீழே இருப்பார்கள். பிள்ளைகள் விடுதியில் படிப்பார்கள்.

எழுதத் தெரியாதவர் கடிதத்துக்கு அடுத்தவரை நம்ப வேண்டும். மனதில் உள்ள எல்லாவற்றையும் அடுத்தவரிடம் சொல்ல முடியுமா? எழுதத் தெரிந்தவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. மார்கழிப் பனியில் கிறிஸ்துமஸ் வரும். பிறகு பொங்கல் வரும். சொந்தக் கையெழுத்தில் வாழ்த்து அனுப்ப இதுவே நல்ல காலம்.

வாழ்த்து அட்டை வந்த கதை

1843ஆம் ஆண்டு. லண்டனில் ஹென்றி கோல் என்பவர் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத அவருக்கு நேரம் இல்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் வரையச் சொன்னார். அதை அட்டையில் அச்சடித்தார். அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை இப்படித்தான் பிறந்தது. பிறகு தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைகளும் வந்தன.

அட்டையைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம்.

என்னென்ன வேண்டும்?

கெட்டியான வெள்ளைத் தாள், வண்ணம், உருளைக்கிழங்கு, பெரிய கேரட், கத்தி, கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், சீப்பு.

அச்சு செய்வது எப்படி?

உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டவும். வெட்டிய பக்கத்தில் பானை வடிவம் வரையவும். பானை மேடாக நிற்கும்படி சுற்றியுள்ள பகுதியைச் செதுக்கி எடுக்கவும். ஈரத்தைத் துணியால் ஒற்றவும். ஈரம் இருந்தால் வண்ணம் பரவிவிடும்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூப்போன்ற அச்சு கிடைக்கும். பச்சை ஏலக்காயைக் குறுக்கே வெட்டினால் மூன்று அறைகள் தெரியும். அதுவும் ஒரு சிறிய அச்சுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சில் உள்ளது தாளில் இடவலமாகத் திரும்பி விழும். ‘ட’ என்று செதுக்கினால் நிமிர்ந்த கோடு வலப்பக்கம் போய்விடும். அதனால்தான் ரப்பர் முத்திரையில் எழுத்துகள் திரும்பி இருக்கின்றன. வாழ்த்தைக் கையால் எழுதுவதே எளிது.

மறைத்து அச்சிடுவது எப்படி?

பானைக்குப் பின்னால் சூரியன் தெரிய வேண்டும். எதை முதலில் அச்சிடுவது? முன்னால் இருப்பதை முதலில் அச்சிட வேண்டும்.

1. தாளை இரண்டாக மடிக்கவும். முன்பக்கத்தில் பானையை அச்சிட்டுக் காயவிடவும்.

2. அதே அச்சைச் செய்தித்தாளிலும் பதிக்கவும். காய்ந்ததும் கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டி எடுக்கவும். இதுதான் மறைப்பு.

3. மறைப்பைப் பானையின் மேல் சரியாக வைக்கவும்.

4. கேரட்டைக் குறுக்கே வெட்டி, மஞ்சள் வண்ணம் தொடவும். பாதி மறைப்பின் மேலும் பாதி தாளின் மேலும் படும்படி அழுத்தவும்.

5. மறைப்பை எடுக்கவும். பானைக்குப் பின்னால் சூரியன் எழுந்து நிற்கும்.

பனியும் வேண்டுமா? சூரியன் காயட்டும். பானையையும் சூரியனையும் தாளால் மறைக்கவும். ஓரத்தில் ஒரு பெரணி இலையை வைக்கவும். பிரஷில் சிறிது நீல வண்ணம் தொட்டு, சீப்பில் தேய்க்கவும். வண்ணம் பொடிப்பொடியாகத் தெறிக்கும். காய்ந்ததும் இலையை எடுத்தால், அது இருந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

மறைத்து வரைவது புதிய வித்தை அல்ல. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குகைகள் உள்ளன. அங்கே மனிதர்கள் பாறையில் கையை வைத்துச் சுற்றிலும் வண்ணம் தெளித்தார்கள். அந்தக் கை வடிவங்களில் சில 39,000 ஆண்டுகளுக்கும் பழையவை.

உள்ளே என்ன எழுதலாம்?

அட்டையின் உள்பக்கம் வெறுமையாக இருக்கும். அதுதான் முக்கியமான இடம். ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்பதோடு நிறுத்த வேண்டாம். மகளுக்கு எழுதினால், அவள் வைத்த செடி பூத்ததை எழுதலாம். கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும்.

உறையின் மேல் பெயர், வீட்டு எண், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றை எழுத வேண்டும். இந்த எண் முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தாலும் கடிதம் சரியாகப் போக இது உதவுகிறது. தபால் நிலையத்தில் எடை பார்த்து அஞ்சல் தலை ஒட்டலாம். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே அனுப்புவது நல்லது.

தொலைபேசியில் பேசியது காற்றோடு போய்விடும். அம்மா எழுதிய அட்டை மகளின் பெட்டியில் பல ஆண்டுகள் இருக்கும்.