பெருக்கிய காட்சியும் பெருகாத அளவும்

தேசப்படத்தையும் திசைகாட்டியையும் துணையாகக் கொண்டு, குறிக்கப்பட்ட நிலைகளை முறையே கண்டு ஓடும் விளையாட்டு ஓரியண்டியரிங் எனப்படும். தமிழில் இதனைத் திசையறி ஓட்டம் எனலாம். ஸ்கண்டிநேவிய நாடுகளிற் பிறந்த இவ்விளையாட்டிற்கு 1961ஆம் ஆண்டிற் சர்வதேசச் சம்மேளனம் அமைந்தது. பாதை வகுத்தல் முன்னர்க் கைவேலையாய் இருந்தது. இன்று பர்ப்பிள் பென், ஓகாட் முதலிய கணினி மென்பொருள்கள் அதற்கு உதவுகின்றன. திரையிற் படத்தைப் பெருக்கியும் சுருக்கியும் மங்கச்செய்தும் நோக்கலாம் என்பது அவற்றின் சிறப்பு. அச்சிறப்பே மயக்கத்திற்கும் வாயிலாதல் கூடும்.

காட்சியின் பெருக்கம் வேறு. படத்தின் அளவுத்திட்டம் வேறு. மருதமுனை முதற் சாய்ந்தமருது வரையுள்ள கரையை எடுத்துக்கொள்வோர்க்கு இது தெளிவாகும். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே நெருங்கிய மனைகளும் குறுகிய ஒழுங்கைகளும். 1:50,000 அளவுப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றராகும். 3 மீற்றர் அகலமுள்ள ஒழுங்கை அதில் 0.06 மில்லிமீற்றரே. ஆதலின் இத்தகைய ஒழுங்கைகள் பல அப்படத்தில் விடப்படும். விடப்பட்டதனைத் திரையிற் பத்து மடங்கு பெருக்கினும் காணல் இயலாது. ஊர்ப்புற ஓட்டத்திற்குரிய 1:4,000 அளவுப் படத்திலோ அவ்வொழுங்கை 0.75 மில்லிமீற்றராய்த் தெளிவாக நிற்கும்.

ஒளிப்படமாக்கிய தேசப்படத்தை மென்பொருளில் ஏற்றுங்கால், அளவுத்திட்டத்தையும் அங்குலத்திற்குரிய புள்ளிகளின் தொகையையும் கொடுத்தல் வேண்டும். 300 புள்ளிகளுக்குப் பதிலாக 150 எனக் கொடுப்பின், 1.5 கிலோமீற்றர்ப் பாதை 3 கிலோமீற்றராகக் கணிக்கப்படும். திரைக்காட்சி இப்பிழையை உணர்த்தாது. நீளம் தெரிந்த பாடசாலை மைதானத்தைப் படத்தில் அளந்து ஒப்பிடலே தக்க சோதனையாகும்.

நிலையைக் குறிக்கும் ஊதா வட்டத்தின் விட்டம் ஊர்ப்புறப் படத்தில் 6 மில்லிமீற்றர். நிலத்தில் அது 24 மீற்றரை உள்ளடக்கும். நான்கு மடங்கு பெருக்கிப் பார்க்கும் வகுப்போனுக்கு வட்டத்தினுள் உள்ள மதிலும் வாயிலும் தெளிவாய்த் தோன்றும். கையிற் படத்தோடு ஓடும் மாணவனுக்கோ வட்டக்கோடே ஒழுங்கையின் வாயிலை மறைத்துவிடலாம். அவ்விடத்து வட்டக்கோட்டில் இடைவெளி விடல் வேண்டும். படத்தின் நிறத்தை மங்கச்செய்து நோக்கின் ஊதாக் கோடுகள் எடுத்துத் தோன்றும். எனினும் முழுநிறத்தில் மீண்டும் நோக்காது பணியை முடித்தல் தகாது. மாணவன் காண்பது முழுநிறப் படத்தையேயாம். இவ்வாறே, நிலைதோறும் பெருக்கிப் பார்த்தபின் முழுப்பாதையையும் ஒருங்கே காட்டும் காட்சிக்குத் திரும்பல் வேண்டும். அப்பொழுதே பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களும், ஓடுவோர் பெருவீதியைக் கடக்கும் இடங்களும் புலனாகும். இறுதியில் உரிய அளவில் அச்சிட்டு, அத்தாளோடு ஒருமுறை நடந்து பார்த்தல் இன்றியமையாதது.

இஃது இக்கரையில் விளையாட்டளவில் நிற்பதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையிற் பேரிழப்பெய்திய மாவட்டம் அம்பாறையே. அங்குப் பதினாயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய வேளையில் எவ்வொழுங்கை மேற்கே தடையின்றிச் செல்லும், எது மதிலில் முடியும் என்னும் அறிவு உயிர்காக்கும் அறிவாகும். திசையறி ஓட்டம் இவ்வறிவை மாணவரின் கால்களிற் பதிக்க வல்லது. ஆயின், அதற்குரிய படம் வகுப்போனின் திரைக்கன்றி, ஓடுவோனின் கண்ணுக்கு அமைந்ததாதல் வேண்டும்.