மின்சாரச் சூளை வாங்குமுன் ஆராய வேண்டுவன

விறகு கிடைப்பது அரிதாகி வருவதாலும், மழைக்காலத்தில் திறந்த சூளை இடுவது இயலாமையாலும், மின்சாரச் சூளை ஒன்று வாங்கினால் என்ன என்று மண்பாண்டத் தொழிலாளர் பலர் கேட்டு வருகின்றனர். வாங்கலாம். ஆயினும் அதன் விலையை விசாரிக்குமுன் நான்கு விஷயங்களைத் தீர ஆலோசியாவிடில், சங்கத்திற்குக் கடனும் அங்கத்தினருக்கு மனக்கிலேசமுமே மிஞ்சும்.

முதலாவது, சுட வேண்டிய பாண்டம் எது என்பது. சட்டி, பானை, அகல் முதலியன 1000 டிகிரி சென்டிகிரேடுக்குட்பட்ட வெப்பத்திலேயே வெந்துவிடும். இவற்றை மாத்திரம் செய்வோருக்கு மின்சாரச் சூளை அவசியமன்று. புகையை உள்ளே அடக்கிக் கரும்பாண்டம் செய்வோருக்கோ அது உதவவே உதவாது; புகை சூளையின் கம்பிகளைக் கெடுத்துவிடும். கண்ணாடி மெருகிட்ட ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை போன்ற கெட்டிப் பாண்டங்களுக்கு 1200 முதல் 1300 டிகிரி வரை வெப்பம் தேவை. மின்சாரச் சூளை பெரிதும் பயன்படுவது இவற்றிற்கே. நாம் 1220 டிகிரியில் சுடுவதானால், 1300 டிகிரி தாங்கும் சூளையையே தேர்தல் வேண்டும். எப்பொழுதும் உச்ச வெப்பத்தில் ஓட்டப்படும் சூளையின் கம்பிகள் விரைவில் தேய்ந்துவிடும்.

இரண்டாவது, சூளையின் அளவு. பெரிய சூளையை நிரப்ப ஒரு மாதம் காத்திருப்பதைவிட, சிறிய சூளையை வாரந்தோறும் நிரப்பிச் சுடுவது நலம். கைக்குப் பணமும் விரைவில் வரும். சூளை பாதி காலியாக இருந்தாலும் மின்செலவு பாதியாகக் குறைந்துவிடாது.

மூன்றாவது, மின்சாரம். இதில்தான் அடியேனும் தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன், எனது சரகத்திலுள்ள ஒரு சங்கம் 12 கிலோவாட் சூளைக்குக் கடன் கோரியபோது, விலைப்பட்டியலை மாத்திரம் பார்த்துச் சிபாரிசு செய்தேன். சூளை வந்தது, விளக்கேற்றும் நேரத்தில் சுட்ட ஜாடிகளோ மெருகு உருகாமல் சொரசொரப்பாக வெளிவந்தன. இரண்டு தவணைகள் நின்றன. பிறகு வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தபொழுது, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 200 வோல்ட்டே இருந்தது. வோல்ட் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் சூளையின் சக்தி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். 12 கிலோவாட் சூளை 9 கிலோவாட் சூளையாகிவிடுகிறது. அங்கத்தினரான மூதாட்டி ஒருவர், “விறகு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தானே ஐயா உலை வைப்போம்?” என்று கேட்டார். விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

ஆகையால், சூளை வைக்குமிடத்தில் காலை, மாலை, நள்ளிரவு ஆகிய மூன்று வேளையும் ஒரு வார காலம் வோல்ட் அளவைக் குறித்து, அக்குறிப்பைச் சூளை செய்வோரிடம் கொடுத்தல் வேண்டும். 7 கிலோவாட் சூளை சிங்கிள் பேஸ் இணைப்பில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். சாதாரண வீட்டு ஒயர் இதைத் தாங்காது. அதற்கு மேற்பட்ட சூளைக்கு த்ரீ பேஸ் இணைப்பே தக்கது. புதிய இணைப்பின் செலவையும் கடன் மனுவிலேயே சேர்த்துக்கொள்க. ஓட்டும் செலவையும் முன்பே கணக்கிடலாம்: 12 கிலோவாட் சூளை பத்து மணி நேரம் எரிந்து, அதில் ஆறு மணி நேர அளவே முழு மின்சாரம் இழுத்தால், 72 யூனிட் ஆகும். இதற்கான மின்கட்டணத்தைச் சுட்ட பாண்டங்களின் தொகையால் வகுத்தால் ஒரு பாண்டத்தின் சூடு கூலி தெரியவரும்.

நான்காவது, அமைப்பும் பாதுகாப்பும். சுவர் இலேசான தீச்செங்கல்லால் தடிப்பாக அமைந்திருக்க வேண்டும். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த சுருள் கம்பிகள் நாளடைவில் தேய்வன. ஆதலின் மாற்றுக் கம்பி எளிதில் கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேட்டறிக. கதவைத் திறந்தவுடன் மின்சாரம் தானே நிற்கும் அமைப்பும், எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. சூளை வைக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். சுடும்பொழுது மண்ணிலிருந்து நச்சுவாயு வெளிப்படும்.

மேற்சொன்ன சங்கத்தார் இப்பொழுது வோல்ட் உயரும் நள்ளிரவுக்குப் பின்னரே சூளையை ஏற்றுகின்றனர், மெருகு பளபளக்கிறது, நின்ற தவணைகளும் கட்டப்பட்டன. ஆனால் அதற்காக அவர்கள் கண்விழிக்கும் இரவுகள் ஒவ்வொன்றும், நான் ஒரு வாரம் அளந்து பாராததன் பலனே. மற்றைய சங்கத்தார் முதலில் பாண்டத்தையும், அடுத்து மின்சாரத்தையும், அதன்பின்னரே சூளையையும் நோக்குவாராக.