ஐம்பதும் ஐம்பதும் ஐம்பத்து மூணு!

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணி பெருகிப் பாறையில் விழும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசணும். தள்ளி வந்தால் மெதுவாகவே பேசலாம். ஆறு சத்தத்தைக் குறைச்சுக்கிட்டதா? இல்லை சார்! ஆறு வெளியிடுவது ஒலித்திறன். நாம் எங்கே நின்றாலும் அது மாறாது. நம் காதில் வந்து மோதுவது ஒலியழுத்தம். தூரம் கூடினால் குறையும். ரெண்டையுமே டெசிபலில் சொல்வதால்தான் குழப்பம்.

பி.காம். படித்த எனக்கு இன்னொரு அதிர்ச்சி: 50 டெசிபலோடு 50 சேர்ந்தால் 53-தானாம்! எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? ஆனால் இது லாக் கணக்கு. திறன் இரட்டித்தால் 3 கூடும். பத்து மடங்கானால் 10. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 குறையும்.

இப்போ ஊருக்குள் திருவிழாவுக்கு வாங்க. தரையோரம் ஒரு ஸ்பீக்கர், ஒலித்திறன் 120 டெசிபல். அதாவது 1 வாட் ஒலிதான். எல்லாப் பக்கமும் சமமாகப் பரவினால் 10 மீட்டரில் 92, 20-ல் 86, 640-ல்கூட 56! 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்கின்றன.

நாலு ஸ்பீக்கரில் ரெண்டைக் கழற்றினாலும் 3-தான் குறையும். அதனால் கமிட்டி அண்ணாச்சிகளே, வால்யூமைக் குறையுங்க. நாலாவது தெருவில் ப்ளஸ் டூ பிள்ளை படிச்சுக்கிட்டிருக்கு!